கூவாமல் விற்றவன்

"கீழே இருக்கிற எழுத்து வேண்டாம். வெட்டிவிடுங்கள்" என்றாள் அந்த அம்மாள்.

எங்கள் கடையின் வெட்டு மேஜைமேல் ஒரு படம் கிடந்தது. பழைய பாரிஸ் நகரத்துத் தெருவில் ஒரு மனிதன் நிற்கிறான். முதுகில் அவன் பாதி உயரத்துக்கு ஒரு தகரத் தவலை. தவலையின் உச்சியில் கலசம் மாதிரி ஒரு குமிழ், அதில் சின்னதாக ஒரு கொடி. அக்குளுக்கு அடியில் வளைந்து வரும் குழாய். இடுப்பில் சங்கிலியில் கோத்த கிண்ணங்கள். கையில் மணி. வாயை நன்றாகத் திறந்திருந்தான்.

அந்த வாய் என்ன கூவுகிறது என்பது படத்துக்கு அடியில் இரண்டு விரல் அகலத்துக்குச் சாய்ந்த எழுத்தில் அச்சாகியிருந்தது. அதைத்தான் வெட்டச் சொன்னாள்.

அது வியாபாரி கூவுகிற கூவல், படத்தின் பாதி உயிரே அதில்தான் இருக்கிறது என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. எல்லா ஃப்ரேமும் சதுரமாக வர வேண்டும், எழுத்து இருந்தால் நீளமாகிவிடும் என்று படத்தைப் பார்த்துச் சொன்னாள். முடிந்தது விஷயம். எங்கள் வெட்டுக்காரர், ஒரு பங்களாதேஷ் பாய், இரும்பு ஸ்கேலை வைத்துக் கத்தியால் ஒரே இழுப்பு இழுத்தார். கூவல் தரையில் விழுந்தது.

நாற்பது படம், நாற்பது கீற்று. கீற்றுகளைக் குப்பையில் போட எனக்கு மனசு வரவில்லை. பொறுக்கி என் மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டேன்.

பென்ஷன் பிரெஞ்சு

சென்ற அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஒரு வாசகர், ஃப்ரேம் கடையில் பில் போடப் போன உங்களுக்குப் பிரெஞ்சு எதற்கு என்று கேட்டு எழுதியிருக்கிறார். நல்ல கேள்விதான். பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

நான் புதுச்சேரிக்காரி. எங்கள் தெருவில் சொல்தா வீடுகள் நான்கு இருந்தன. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர்களுக்குப் பிரான்சிலிருந்து பென்ஷன் வரும். ஆள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார் என்று வருஷா வருஷம் ஒரு தாள் எழுதி அனுப்ப வேண்டும். பள்ளியில் பிரெஞ்சு எடுத்துப் படித்த பாவத்துக்கு, நான்கு வீட்டுக்கும் அந்தத் தாளை எழுதிக் கொடுத்தவள் நான்.

இன்னார் மகன் இன்னார், இந்த விலாசத்தில் இருப்பவர், இன்றைய தேதியில் நேரில் வந்து நின்றார். இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிரெஞ்சில் எழுதிவிடுவேன். அதற்கு அப்பால் எனக்குத் தெரிந்த பிரெஞ்சு ரொம்பக் கொஞ்சம்.

ஆனால் ஷார்ஜாவில் அது யாருக்குத் தெரியும்? கல்யாணமாகி வீட்டுக்காரரோடு அங்கே போய்ச் சேர்ந்து, வேலை தேடியபோது பயோடேட்டாவில் பிரெஞ்சு என்று ஒரு வரி போட்டேன். கடை முதலாளிக்கு வாயெல்லாம் பல். துபாயில் ஒரு பெரிய ஹோட்டல் பிரெஞ்சுச் சாப்பாட்டுக் கூடம் ஒன்றைத் திறக்கப்போகிறது, சுவர் முழுக்கப் படம் மாட்டப்போகிறது என்ற சேதி அவர் காதுக்கு எட்டியிருந்தது. ஆர்டரையும் பிடித்துவிட்டார்.

அந்த ஹோட்டல் வைத்திருந்த அலங்கார நிபுணர்தான் மேலே சொன்ன அம்மாள். பிரெஞ்சுக் கூடத்துக்கு வந்த நிபுணருக்குப் பிரெஞ்சில் ஓர் எழுத்து தெரியாது. லண்டனில் படித்தவளாம். படங்களை அச்சகத்திலிருந்து வரவழைத்ததே அவள்தான், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரையும் கேட்கவில்லை. கூவலை வெட்டிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அடியில் சின்னப் பித்தளைத் தகடு வைக்க வேண்டும், யார் என்ன விற்கிறார் என்று ஆங்கிலத்தில் பட்டியல் கொடுங்கள் என்றாள். என் பென்ஷன் பிரெஞ்சுக்கு அன்று வாழ்வு வந்தது.

சுவரில் இருந்தால் அழகு

அந்தப் படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாரிஸ் தெருவில் கூவி விற்றவர்களைப் படமாகச் செதுக்கி அச்சடிப்பது நூற்றுக்கணக்கான வருஷப் பழக்கம். முதலில் ஒரே தாளில் கட்டம் கட்டமாக, கட்டத்துக்கு ஒரு வியாபாரி என்று மலிவாகப் போட்டிருக்கிறார்கள். பிறகு கைதேர்ந்த ஓவியர்கள் வந்து, வியாபாரிக்கு ஒரு தாள் என்று வரைந்து, கையால் வண்ணமும் தீட்டி விற்றிருக்கிறார்கள். துடைப்பம் விற்கிறவள், முயல் தோல் வாங்குகிறவன், கத்தி சாணை பிடிக்கிறவன், இரண்டு வாளியும் நடுவில் வளையமுமாகத் தண்ணீர் சுமக்கிறவன். எனக்குப் பிடித்தவன் எலி மருந்து விற்கிறவன். கம்பு நுனியில் செத்த எலிகளை வரிசையாகத் தொங்கவிட்டிருப்பான்.

நாற்பது பேரையும் நான் ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வந்தது. பாருங்கள், நாற்பது பேரில் ஒருவனுக்கும் வியர்க்கவில்லை. கிழிசல்கூட அளவெடுத்துக் கிழித்த மாதிரி இருக்கிறது. தண்ணீர்க்காரனின் கெண்டைக்கால் பரதநாட்டியக்காரன் கால் மாதிரி நிற்கிறது. துடைப்பக்காரி கன்னத்தில் ரோஜா நிறம். காலையிலிருந்து தெருத்தெருவாக அலைந்தவள் கன்னம் அப்படியா இருக்கும்? வெயிலில் வேலை தேடி அலைந்த என்னைக் கேட்டால் சொல்லுவேன்.

இதை யார் வாங்கி மாட்டியிருப்பான்? துடைப்பக்காரியா வாங்கியிருப்பாள்? அவளைப் படியேற விடாத வீட்டுக்காரன்தான் வாங்கியிருப்பான். வாசலில் கூவினால் சத்தம் என்று விரட்டுவான், வரவேற்பறையில் மாட்டினால் கலை என்பான். நல்லா இருக்கே கதை என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் வரைந்தவனுக்கு ஒரு புண்ணியம் உண்டு. வாயைத் திறந்த மாதிரி வரைந்து, என்ன சொன்னான் என்று கீழே எழுதியும் வைத்தான். நாங்கள் அந்தக் கொஞ்சத்தையும் வெட்டிவிட்டோம்.

ரோலாவில் வெள்ளிக்கிழமை

அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷார்ஜாவின் ரோலா சதுக்கத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். தொழிலாளர் தங்கும் கேம்ப்களிலிருந்து ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவார்கள். துபாய் பஸ்ஸுக்கு ஒரு வரிசை, ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகளில் ஒரு வரிசை, மிச்சப் பேர் பூங்கா ஓரமாகச் சும்மா நின்றுகொண்டிருப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குள்தான் கதிரேசன் மோர் விற்றான்.

அரியலூர்ப் பக்கத்து ஆள். வாரத்தில் ஆறு நாள் ஒரு கட்டட கம்பெனி சைட்டில் கம்பி கட்டுவான். வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடப் பையில் இரண்டு பெரிய பிளாஸ்க் வைத்து முதுகில் மாட்டிக்கொண்டு வருவான். கடையில் லபன் என்கிற அரபுக் கெட்டி மோரை வாங்கித் தண்ணீர் விட்டுக் கடைந்து, இஞ்சியும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் நசுக்கிப் போட்ட மோர். அந்த வெயிலில் ஒரு வாய் குடித்தால் அப்பாடா என்று இருக்கும்.

ஆனால் அவன் கூவ மாட்டான். தெருவில் விற்பது அங்கே குற்றம். நகராட்சி ஜீப் எந்தச் சந்திலிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் கதிரேசன் கூட்டத்துக்குள் நடந்துகொண்டே, யாரையும் பார்க்காமல், உதடு அசையாமல் "மோரு" என்பான். ரகசியம் சொல்கிற மாதிரி இருக்கும். காதில் விழுந்தவன் பின்னாலேயே போக வேண்டும். ஓரமாக நின்று பையைத் திறந்து ஊற்றிக் கொடுத்துவிட்டு ஜிப்பை இழுத்துவிடுவான். அவ்வளவுதான், அவன் பை மாட்டிக்கொண்டு நடந்து போகும் ஓர் ஆள்.

ஏண்டா இப்படித் திருட்டுப்பயல் மாதிரி விற்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன்.

"வாயத் தொறந்தா வண்டி வந்துடும்க்கா" என்றான்.

பிடிபட்டால் விசா கேன்சல். ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். இந்த வம்பு உனக்கு எதற்கு, கம்பி கட்டுகிற வேலை போதாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அப்போதுதான் செல்வியைக் காட்டினான்.

செல்வி அவன் மனைவி. அதே ஷார்ஜாவில் ஒரு வீட்டில் வேலைக்காரி. நம் நாட்டுக் குடும்பம்தான், இரண்டு பேரும் பெரிய படிப்பு. சேர்ந்தாற்போல இரண்டு வருஷம் இருந்துவிட்டு ஒன்றாக ஊருக்குப் போவதென்று இருவரும் ஒரே மாதத்தில் விசா வாங்கி வந்திருந்தார்கள். ஒரே ஊரில் இருந்தும் பார்க்க முடியாது. அவளுக்கு ஒன்றுவிட்டு ஒரு வெள்ளிதான் லீவு, அதுவும் மூன்று மணி நேரம். அவள் கையில் மொபைல் கூடாது என்பது அந்தப் படித்த வீட்டின் சட்டம். அவள் வந்து நிற்கும் இடம் பூங்கா ஓரம், வந்தால் மோர் விற்கிற ஆளைத் தேட வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. கேம்பில் அவனுக்கு வெள்ளியன்று ஓவர்டைம் போடுவார்கள். அதற்குப் போகாமல் இருக்க மேஸ்திரிக்கு அவ்வப்போது ஏதாவது செய்ய வேண்டும். அந்தச் செலவுக்குத்தான் மோர்.

அந்த மூன்று மணி நேரத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அவன் நடப்பான், அவள் பத்தடி பின்னால் காகிதக் கோப்பைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நடப்பாள். மோர் தீர்ந்ததும் ஒரு சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்து பேசுவார்கள். நான் அந்தப் பக்கமாகப் போனால் எனக்கும் ஒரு கோப்பை எடுத்து வைத்திருப்பார்கள்.

நம்ம ஊர் ஆளு

இப்போது என் மடத்தனத்துக்கு வருகிறேன்.

தவலைக்காரன் படத்தின் கீற்றில் அவன் பெயர் 'கோகோ வியாபாரி' என்று இருந்தது. கோகோ. புதுச்சேரிக்காரிக்கு இதில் என்ன சந்தேகம்? தென்னந்தோப்புக்கு நடுவில் பிறந்தவள் நான். கோகோ என்றால் தேங்காய், தேங்காயைக் குடிக்கிறார்கள் என்றால் இளநீர். பட்டியலில் 'இளநீர் வியாபாரி' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். பாரிஸில் ஏது தென்னை, தவலையில் ஏன் இளநீரை ஊற்ற வேண்டும் என்றெல்லாம் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. பித்தளைத் தகட்டில் அப்படியே வெட்டினார்கள்.

அதைப் பார்த்துத் துள்ளிக் குதித்தவர் பிரபாகர். ஹோட்டலில் விழாக்களுக்குப் பொறுப்பானவர், சென்னைக்காரர். தமிழில் பேசினால் தன் கோட்டுக்கு அழுக்கு ஒட்டிவிடும் என்று நினைக்கிற ரகம். ஆனால் காரியம் ஆக வேண்டும் என்றால் தமிழ் வந்துவிடும். திறப்பு விழாவில் படத்துக்கு அடியில் நிஜமாகவே ஓர் இளநீர் வியாபாரியை நிறுத்தினால் எப்படி இருக்கும், அதே உடுப்பு, அதே தவலை, அதே மணி என்று கேட்டார். அலங்கார அம்மாள் கையைத் தட்டினாள்.

"இளநீர்னா நம்ம ஊர் ஆளுதான் சரியா இருக்கும். ஒல்லியா, கறுப்பா ஒருத்தனப் பாருங்க. பல்லு மட்டும் நல்லா இருக்கணும்" என்றார் என்னிடம்.

அந்தப் பேச்சுக்கே நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. எனக்கு உடனே கதிரேசன் ஞாபகம் வந்தான். ஒரு நாள், ஒரே ஒரு நாளாவது அவன் ஏசிக்குள் நின்று, ஜீப்புக்குப் பயப்படாமல், தொண்டை கிழியக் கூவட்டுமே என்று தோன்றியது. பெரிய உபகாரம் செய்கிற நினைப்பு எனக்கு.

கதிரேசன் தயங்கினான். கம்பெனிக்குத் தெரிந்தால் வெளியில் வேலை செய்தான் என்று கேன்சல் பண்ணிவிடுவார்கள், செல்வி இங்கே தனியாக மாட்டிக்கொள்வாள் என்றான். நான் விடவில்லை. அந்த ஹோட்டல் வாசலில் உங்கள் கேம்ப் பாஸ் கார் நிறுத்தக்கூட முடியாது, அவன் எங்கே வந்து உன்னைப் பார்க்கப்போகிறான் என்றேன். இது வேலையே இல்லை, சம்பளம் கிடையாது, சும்மா நிற்கிறாய், சாப்பாடு போடுவார்கள் என்றேன். கடைசியில் அக்கா சொன்னால் சரி என்றான்.

இழுப்பறையிலிருந்து அந்தக் கீற்றை எடுத்து அவனுக்குக் கூவலைச் சொல்லிக் கொடுத்தேன். ஆ லா ஃப்ரேஷ், கீ வே ப்வார். குளிர்ச்சியா இருக்கு, யாருக்குத் தாகம் என்று அர்த்தம். ரோலாவில் கிசுகிசுத்தவனுக்கு அப்படி ஒரு குரல் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கடைக்குப் பின்னால் நின்று ஒருமுறை கூவிக் காட்டினான். எங்கள் வெட்டுக்காரர் பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார்.

கண்ணாடிக் கதவுக்குள்

விழா ஒரு மாலை, சைட் வேலை முடிந்த பிறகு, ஏழு மணிக்கு. கதிரேசனுக்கு முழங்கால் வரை கால்சட்டை, வெள்ளை ஏப்ரன், இறகு வைத்த தொப்பி. முதுகில் தகரத் தவலை, கொடியோடு. ஒரு தகர வேலைக்காரனைக் கொண்டு அச்சாக அதே மாதிரி செய்திருந்தார்கள். வந்தவர்களுக்கு இளநீரை வெயிட்டர்கள் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். தவலை வெறும் வேஷம்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவன் கூவினதும் அந்தக் கூடமே திரும்பியது. மணியை ஆட்டி, தலையை நிமிர்த்தி, ஆ லா ஃப்ரேஷ் என்று இழுத்தான். கோட்டுக்காரர்களும் முத்துமாலைக்காரிகளும் வரிசையில் நின்று அவனோடு படம் எடுத்துக்கொண்டார்கள். எவ்வளவு அசல், எவ்வளவு அசல் என்று ஒரே பேச்சு. அவர்களில் பாதிப் பேர் வெள்ளிக்கிழமை ரோலா வழியாகப் போக நேர்ந்தால் கார் கண்ணாடியை ஏற்றிவிடுகிறவர்கள். பத்திரிகைக்காரன் ஒருவனும் வந்து, சுவரில் இருந்த படத்தையும் கதிரேசனையும் சேர்த்து எடுத்தான்.

அப்போது ஹோட்டலின் எஞ்சினியர், சிரியாக்காரப் பெரியவர், என் பக்கத்தில் வந்து தகட்டைப் படித்துவிட்டுச் சிரித்தார். இது இளநீர் இல்லை அம்மா, இது சூஸ், எங்கள் டமாஸ்கஸ் தெருவில் இப்படித்தான் முதுகில் தவலையோடு வருவான் என்றார். அதிமதுர வேரை ஊற வைத்த தண்ணீராம். பின்னால் விசாரித்தேன். பாரிஸ்காரன் விற்றதும் அதேதான். தேங்காய்ப் பால் மாதிரி வெளுப்பாக நுரைக்கிறது என்று அதற்குக் கோகோ என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். என் தென்னந்தோப்பு மூளை என்னை நன்றாகக் கவிழ்த்தது. ஒழுங்காக எழுதியிருந்தால் பிரபாகர் ஒரு சிரியாக்காரனைத் தேடியிருப்பார், என் கதிரேசனை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

பெரியவர் நேராகக் கதிரேசனிடம் போய்க் கையை நீட்டினார். அத்தனை கூட்டத்தில் அவனிடம் குடிக்கக் கேட்டவர் அவர் ஒருவர்தான். கதிரேசன் ஒரு கிண்ணத்தைச் சங்கிலியிலிருந்து தூக்கிப் பிடித்தான், பிறகு அசட்டுச் சிரிப்போடு தலையை ஆட்டினான். பெரியவர் அவன் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தார்.

சாப்பாட்டுப் பேப்பர்

நாலைந்து நாள் கழித்து ஒரு பத்திரிகையின் வார இணைப்பில் படம் வந்தது. பழைய பாரிஸின் இளநீர் வியாபாரி என்று தலைப்பு. அலங்கார அம்மாளின் பெயர் இருந்தது, பிரபாகரின் பெயர் இருந்தது. கதிரேசன் பெயர் இல்லை. நல்லவேளை என்றுகூட நினைத்தேன்.

கேம்ப் பாஸ் அந்த மாதிரி இணைப்பெல்லாம் படிக்கிறவன் இல்லை. ஆனால் கேம்பில் பழைய பேப்பருக்கு வேறு வேலை உண்டு. தரையில் விரித்துத்தான் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். விரித்த பேப்பரில் கதிரேசன் இறகுத் தொப்பியோடு வாயைத் திறந்துகொண்டு இருந்திருக்கிறான். ஒருவன் சோற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்து, அடேய் நம்ம கதிரு என்று கத்தியிருக்கிறான். பயல்களுக்கு ஒரே குஷி. பேப்பரை ரூம் ரூமாகத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். எவனும் காட்டிக் கொடுக்க நினைக்கவில்லை. பெருமையில் காட்டினார்கள். மூன்றாவது ரூமில் கேம்ப் பாஸ் இருந்தான்.

பத்து மாதமாக வெள்ளிதோறும் நிஜமாகவே மோர் விற்றபோது சிக்காதவனை, விற்காத இளநீருக்காக ஒரு படம் காட்டிக் கொடுத்தது.

கலாஸ், அதாவது முடிந்தது, என்று அரபியில் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்களாம். வெளியில் வேலை செய்தான், கேன்சல். அவன் போனில் கூப்பிட்டு என்னிடம் சொன்னபோது அழவில்லை. ஹோட்டலிலிருந்து ஒரு தாள் கொடுத்தால் கம்பெனியில் ஒருவேளை கேட்பார்கள் என்று மட்டும் சொன்னான். ஒரு சாயங்காலம், சம்பளம் இல்லாமல், நாங்கள் கேட்டதற்காக வந்து நின்றார் என்று ஒரே ஒரு தாள்.

ஒரு தாள்

நான் பிரபாகரைப் பார்க்கப் போனேன். கூடத்தின் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார். அவருக்குப் பின்னால் நாற்பது பேரும் வாய் திறந்தபடி வரிசையாகத் தொங்கினார்கள்.

"யாருங்க அந்த ஆளு? எங்க ஸ்டாஃப் லிஸ்ட்ல அப்படி ஒருத்தன் இல்லையே" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க?" என்றும் சேர்த்துக்கொண்டார்.

பல் நன்றாக இருக்க வேண்டும் என்று கேட்ட வாய் அது. அலங்கார அம்மாளுக்குப் போன் செய்தேன். எந்த வியாபாரி என்று கேட்டாள். படத்தில் இருக்கிற வியாபாரியைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, எஞ்சினியர் சொன்னார், தகட்டை மாற்றச் சொல்லியாகிவிட்டது என்று பதிலும் சொன்னாள். தூ!

இவர்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை என்று அடுத்த நாளே தெரிந்தது. அன்று என் மேஜையில் உட்கார்ந்து நானே ஒரு தாள் தட்டச்சு செய்தேன். இன்னார் மகன் இன்னார், இந்தத் தேதியில், என் வேண்டுகோளுக்காக, சம்பளம் இல்லாமல், இந்த இடத்தில் நேரில் வந்து நின்றார். சொல்தாக்களுக்கு எழுதிய அதே வாசகம்தான், இந்த முறை ஆங்கிலத்தில். கீழே என் பெயரைப் போட்டேன். முதலாளி என் பின்னால் நின்று படித்துவிட்டு, இதை எடுத்துக்கொண்டு அந்தக் கம்பெனிக்குப் போனால் நாளைக்கு அதிகாரி வந்து கடை லைசென்ஸைக் கேட்பான், உன் விசாவும் அந்த லைசென்ஸில்தான் இருக்கிறது, யோசித்துக்கொள் என்றார்.

யோசித்தேன். யோசித்ததுதான் நான் செய்தது. தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். நாளை போகலாம் என்று ஒரு நாள், முதலாளி இல்லாத நேரம் போகலாம் என்று இன்னொரு நாள். ஊரில் நான்கு கிழவர்கள் உயிரோடு இருப்பதை வருஷாவருஷம் பிரான்சுக்கு நிரூபித்தவள், கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு கம்பெனிக்கு ஒரு தாளைக் கொண்டுபோகவில்லை.

மூன்றாம் நாள் அவன் ஏர்போர்ட்டிலிருந்து கூப்பிட்டான். யாரோ ஒருவரின் போன்.

"செல்விகிட்ட மட்டும் சொல்லிடுங்கக்கா. வெள்ளிக்கெழம வந்து நிக்கும்."

அவள் வந்து நின்றாள்

அந்த வெள்ளி நான் முன்னாலேயே போய்ச் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்துகொண்டேன். கூட்டம் வழக்கம்போல இருந்தது. செல்வி கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள். வேலை பார்க்கும் வீட்டில் பிள்ளையின் பிறந்தநாளாம், மிஞ்சின கேக்கை அவனுக்காகக் கொண்டு வந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கூட்டத்துக்குள் கண்ணை ஓட்டினாள். காதைக் கொடுத்தும் கேட்டாள். அவனைத் தேட அவள் பழகியிருந்தது அப்படித்தான்.

நான் உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். இளநீர் என்று தப்பாக எழுதியதிலிருந்து சொன்னேன். கைப்பையில் இருந்த தாளையும் சொன்னேன். அவளுடைய இரண்டு வருஷத்தில் இன்னும் பதினான்கு மாதம் பாக்கி இருந்தது.

பேப்பரை எடுத்துக் கொடுத்தேன். மடியில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். தொப்பியின் இறகை விரலால் தடவினாள்.

"வாய இம்மாம் பெருசாத் தொறந்திருக்காரு. என்னக்கா சொல்றாரு?"

"குளிர்ச்சியா இருக்கு, யாருக்குத் தாகம்னு கேக்கறான்."

"சத்தமாவா?"

"ரொம்பச் சத்தமா."

அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது போலத்தான் இருந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"யாராச்சும் வாங்கிக் குடிச்சாங்களா?"

ஒருத்தர் கேட்டார் என்றேன். பிறகு, அந்தத் தவலையில் ஒன்றும் இல்லை செல்வி, அது சும்மா வேஷத்துக்கு என்றேன்.

அவள் பேப்பரை நான்காக மடித்துக் கேக் பைக்குள் வைத்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஒண்ணுமில்லாத தவலையத் தூக்குனதுக்கா எங்க வூட்டுக்காரர அனுப்பிட்டாங்க?"

அனுப்பிட்டாங்க என்றுதான் சொன்னாள். அனுப்பிட்டீங்க என்று சொல்லவில்லை.

அவளுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் லீவு இருந்தது. போக வேறு இடம் இல்லாததால் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.